ஜாங்கோவில் ஒரு பதிவைத் தேட: கெட்டா, ஃபர்ஸ்டா?

பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில், டேட்டாபேஸிலிருந்து ஒரே ஒரு பதிவை எடுக்க இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று கெட். இன்னொன்று, ஃபில்டர் போட்டு அதன் வாலில் ஃபர்ஸ்ட்டைச் சேர்ப்பது. பொருந்தும் பதிவு ஒன்றே ஒன்று இருக்கும்வரை இரண்டும் ஒரே விடையைத் தரும். அதனால்தான் பலர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

பதிவே இல்லையென்றால் கெட் 'டஸ்நாட்எக்ஸிஸ்ட்' என்று பிழை எழுப்பும். ஒன்றுக்கு மேல் இருந்தால் 'மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ்ரிட்டர்ன்ட்'. ஃபர்ஸ்ட் இந்த இரண்டு பிழைகளையும் எழுப்பாது. இல்லையென்றால் 'நன்' (எதுவுமில்லை என்ற மதிப்பு) வரும். பல இருந்தால் முதலாவது வரும். எது முதலாவது? நாம் வரிசை எதுவும் சொல்லாவிட்டால் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) வரிசைப்படி.

இந்த அமைதி எனக்குப் பயம். நான் வேலை பார்த்த ஒரு பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளரை ஃபோன் நம்பரை வைத்து ஃபர்ஸ்ட் மூலம் தேடினோம். ஒரு கணவனும் மனைவியும் ஒரே நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மனைவி வாங்கியதெல்லாம் மாதக்கணக்கில் கணவர் கணக்கில் ஏறியது. பிழைகள் பதிவாகும் லாகில் ஒரு வரிகூட இல்லை. கெட் போட்டிருந்தால் முதல் பில்லிலேயே தெரிந்திருக்கும்.

கெட்டை விட்டு ஓடுவதற்குக் காரணம் அதைச் சுற்றி எழுத வேண்டிய, பிழையைப் பிடிக்கும் ட்ரை, எக்செப்ட் வரிகள்தான். சரி, வியூவில் (பயனரின் கோரிக்கைக்குப் பதில் தரும் கோடில்) அதற்கும் 'கெட்_ஆப்ஜெக்ட்_ஆர்_404' இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் 404 பக்கம். இரண்டு இருந்தால் பழையபடி பிழை. அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தவறு பயனருடையது அல்ல, நம் டேட்டாவுடையது.

ஃபர்ஸ்ட்டுக்கும் நியாயமான இடம் உண்டு. ஒருவரின் கடைசி ஆர்டர் வேண்டுமென்றால், தேதியைப் பின்னிருந்து அடுக்கி ஃபர்ஸ்ட் எடுப்பதே சரி. பல பதிவுகள் இருக்கும் என்று தெரிந்தே அங்கே கேட்கிறோம்.

அப்புறம், பதிவு இருந்தால் எடுத்து, இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கும் 'கெட்_ஆர்_கிரியேட்'. தேடும் ஃபீல்டுகளுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற டேட்டாபேஸ் விதி) இல்லாமல் அதை நம்பாதீர்கள். ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் 'இல்லை' என்று பார்த்து ஆளுக்கொரு பதிவை உருவாக்கிவிடலாம். அதன் பிறகு அதே வரி ஒவ்வொரு முறையும் மல்டிபிள் பிழையில்தான் முடியும். அப்போது ஃபர்ஸ்ட் போட்டு அதை மூடாமல், இரட்டைப் பதிவுகளை ஒன்றாக இணைத்துவிட்டு யூனிக் போடுங்கள்.