கால் கிலோ கார்: புரூக்ளின் மொடல்களுடன் 20 வருடங்கள்

2004இல் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் பழைய பொம்மைச் சந்தை. ஒரு மேசைக்காரர் சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினார். இந்த அளவுக் காருக்கு இவ்வளவுதான் பாரம் இருக்கும் என்று மனதில் ஒரு கணக்கு இருக்குமல்லவா, அது பிழைத்துப் போனது. பெட்டியை வாங்கியதும் கை தாழ்ந்தது. உள்ளே 1948 டக்கர் என்ற அமெரிக்கக் காரின் மொடல், 13 சென்ரிமீற்றர் நீளம். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். கால் கிலோவை ஒட்டி நின்றது.

"இந்தத் துண்டுக் காருக்கு எழுபது டொலரோ?" என்றார் மனைவி. இருபது வருடங்களில் அது ஒன்பது கார்களாகிவிட்டது. கேள்வி மாறவில்லை, தொகை மட்டும் ஏறியிருக்கிறது.

காரைத் திருப்பினால் அடியில் புரூக்ளின் என்ற பெயரும், இங்கிலாந்தில் செய்தது என்ற குறிப்பும் இருக்கும். நியூயோர்க்கில் இருக்கும் புரூக்ளின்தான் என்று சில மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்து ஒன்று வித்தியாசமாக இருப்பதைக் கவனித்துத் தேடியபோதுதான் தெரிந்தது, அது ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் விற்பிக்கு வடக்கே உள்ள புரூக்ளின் கிராமம். ஏஜக்சில் இருக்கும் நான் 12ஆம் நெடுஞ்சாலையால் வடக்கே போகும்போதெல்லாம் அதன் நடுத்தெருவைக் கடந்து, கோப்பிகூட வாங்கியிருக்கிறேன்.

1974இல் ஜோன் ஹோல் என்பவர் அந்தக் கிராமத்தில் இந்த மொடல் தொழிலைத் தொடங்கினார். முதலில் ரெசின் என்ற பிளாஸ்ரிக் பிசின், பிறகு வைற் மெற்றல் என்ற கலப்பு உலோகம். 1979இல் தொழிலை இங்கிலாந்தின் பாத் நகருக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் எடுத்துக்கொண்ட முதல் கார் பியர்ஸ் ஆரோ என்ற அமெரிக்கக் கொம்பனியின் 1933 சில்வர் ஆரோ. நிஜத்தில் ஐந்தே ஐந்துதான் செய்யப்பட்டது. இரண்டாவது என்னிடம் இருக்கும் டக்கர். சிக்காகோவில் 51 கார்களோடு கதை முடிந்துபோன கொம்பனி அது. நெற்றியில் மூன்றாவது விளக்கு, ஸ்ரியரிங்கைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும். பெயரும் டக்கர், காரும் டக்கர்! 1:43 அளவில், அதாவது நிஜக் காரின் 43இல் ஒரு பங்கு நீளத்தில், மொடல் செய்யும் பெரிய பொம்மைக் கொம்பனிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்ததால், பழைய அமெரிக்கக் கார்களில் பலவற்றை யாரும் தொடவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இவர் கடை போட்டார்.

சில நூறு கார் செய்து எப்படிப் பிழைப்பது என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. விடை வார்ப்பு அச்சில் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பொம்மைக் காரின் உடல் நாகக் (சிங்க்) கலவை. அது உருக 400 பாகை செல்சியஸை நெருங்கிய சூடு வேண்டும், அதற்கு உருக்கு அச்சு வேண்டும். அந்த அச்சின் செலவை எடுக்கவே ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். வைற் மெற்றல் என்பது வெள்ளீயம், ஈயம், அந்திமனி போன்றவை கலந்தது. 300 பாகைக்குள் உருகிவிடும். அதை ரப்பர் தாங்கும். பித்தளையில் ஒரு மூலக் காரைக் கையால் செதுக்கி, இரண்டு வட்ட ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் அச்சு தயார். அதைச் சுழலவிட்டு நடுத்துளையால் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுழற்சி அதை மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிடும். அச்சு தேய்ந்தால் அதே மூலத்திலிருந்து இன்னொன்று. மிச்சமெல்லாம் கைவேலை: பிசிறு அரம் போடுவது, பெயின்ற் அடிப்பது, கண்ணாடி, பம்பர் பொருத்துவது. விலை ஏன் கடிக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

கைவேலை என்றதும் தலைமயிர் நுணுக்கத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள். கதவு திறக்காது, பொனெட் திறக்காது. வைப்பர் கொஞ்சம் தடிப்பு. இன்று சீனாவில் செய்து வரும் ரெசின் மொடல்களில் கிறில் கம்பிகளைத் தனித்தனியாக எண்ணலாம், விலையும் குறைவு. பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் அவற்றையே வாங்குங்கள். என் பிரச்சினை, நான் கையில் எடுத்துப் பார்க்கிற ஆள். கூரை வளைவில் விரலை ஓட்டும்போது குளிர்ச்சியாக, பாரமாக இருக்க வேண்டும்.

அந்தப் பாரம் ஒருநாள் சோதனைக்கு வந்தது. மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது டக்கர் மேசையிலிருந்து மரத்தளத்தில் விழுந்தது. தளத்தில் இன்றும் ஒரு பள்ளம் இருக்கிறது. காருக்கு முன்கண்ணாடித் தூண் ஒன்று உள்ளே வளைந்திருந்தது, மூலையில் மிளகளவு பெயின்ற் போயிருந்தது. மெல்ல மெல்லப் பெருவிரலால் தள்ளித் தூணை நேராக்கினேன். ரெசின் என்றால் அன்றைக்குத் தும்புக்கட்டைதான் தேவைப்பட்டிருக்கும். மிளகளவு வெள்ளையை அப்படியே விட்டுவிட்டேன்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய பிழை அலுமாரி. ஆசைப்பட்டு ஓக் மரத்தில், கண்ணாடிக் கதவோடு, காற்றுப் புகாமல் செய்வித்தேன். மூன்று வருடம் கழித்து, வேறொரு சிறு பட்டறையின் பழைய மொடலைத் தூக்கினால் பெயின்ற் இல்லாத அடிப்பாகம் முழுக்கத் திருநீறு பூசியதுபோல வெள்ளைத் தூள். ஓக் மரம் மெதுவாக அசெற்றிக் அமில ஆவி விடுமாம். ஈயம் கலந்த உலோகத்துக்கு அது ஆகாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள் சில தானாகவே வெடித்து உதிர்வதும் ஒரு நோய்தான். ஆனால் அது அசுத்தமான நாகக் கலவைக்கு வருவது, பிறவிக் குறை. இது என் அலுமாரியால் வந்த வினை. இப்போது உலோகத் தட்டில் வைத்து, வெயில் படாமல், மேக்கப் பிரஷால் தூசு தட்டுகிறேன். அந்தத் தூளைத் துடைத்தால் கையை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

1993இலிருந்து அதே பட்டறை பிரிட்டிஷ் கார்களுக்கு லான்ஸ்டவுன் என்று தனி வரிசை தொடங்கியது. அதில் வந்த ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றை வாங்கியது முழுக்க முழுக்க ஊர்ப் பாசத்தால். யாழ்ப்பாணத்தில் ஏ-40 என்றால் தெரியாதவர் இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, காபரேற்றரில் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை.

போன கோடையில் பெரியப்பா வந்திருந்தார். தட்டில் இருந்த அமெரிக்கக் கார்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சோமர்செற்றைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இது ஏ-40 எல்லோ!"

கையில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருவிரல் நகத்தை பொனெட்டின் விளிம்பில் வைத்து நெம்பினார்.

"இது திறக்காதோ?"

"இல்லைப் பெரியப்பா, ஒரே வார்ப்பு."

"அப்ப பெற்றோல் எங்காலை விடுறது?" என்றார்.