ஏற்றுவதற்கு முன்பே கேள்வி கேட்ட முகவர்: ஒரு கடல்வழிச் சரக்குச் சேவை பற்றிய மதிப்புரை

எங்கள் அச்சகத்துக்காக, பயன்படுத்திய காகித வெட்டு இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கினோம். விற்பவரின் பட்டறையில் அதைப் பெற்றுக்கொள்வது முதல் கப்பலில் அனுப்பி, சுங்கத்தில் விடுவித்து, எங்கள் வாசலில் இறக்குவது வரை எல்லா வேலைகளையும் ஒரே ஃபிரைட் ஃபார்வர்டிங் நிறுவனத்திடம், அதாவது சரக்கு அனுப்பும் முகவரிடம், ஒப்படைத்தோம். நிறைகளோடு குறைகளையும் எழுதுவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய சேவையை எதை வைத்து எடைபோடுவது என்று தெரிந்துகொள்வதுதான் அடுத்து இறக்குமதி செய்ய இருப்பவருக்கு உதவும்.

இந்த முறை முகவரை நாங்களே தேடிப் பிடித்ததற்கு ஒரு பழைய காயம் காரணம். முன்பு ஒருமுறை சிறிய சரக்கொன்றை சி.ஐ.எஃப். முறையில் வாங்கினோம். கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவருடைய செலவு என்பதால் நமக்கு லாபம் என்று நினைத்தோம். சரக்கு வந்து சேர்ந்த பிறகு, எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு முகவரிடமிருந்து பட்டியல் வந்தது: கன்டெய்னரைப் பிரித்த கட்டணம், கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம். அவற்றின் கூட்டுத்தொகை முழுக் கப்பல் கட்டணத்தையே மிஞ்சும் போலிருந்தது. பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். வணிகத்தில், புறப்படும் துறைமுகத்தில் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டிவிட்டு, அந்த இழப்பைச் சேரும் துறைமுகத்தில் வாங்குபவரிடம் வசூலிப்பது பழகிப்போன வழக்கம். முகவரைத் தேர்ந்தெடுத்தவர் விற்பவர் என்பதால் நாங்கள் பேரம் பேச வழியே இருக்கவில்லை.

ஆகவே இம்முறை எஃப்.சி.ஏ. விதிப்படி ஒப்பந்தம் செய்தோம். எந்தச் செலவும் பொறுப்பும் விற்பவருடையது, எது வாங்குபவருடையது என்று வகுத்துச் சொல்ல பன்னாட்டு வணிகக் கழகம் வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் 2020 தொகுப்பிலுள்ள 11 விதிகளில் இதுவும் ஒன்று. இதன்படி ஏற்றுமதிச் சுங்க அனுமதியை முடித்துத் தருவது விற்பவர் கடமை. அவருடைய இடத்திலேயே ஒப்படைப்பதென்றால் நம் முகவரின் வாகனத்தில் சரக்கை ஏற்றித் தருவதும் அவர் கடமையே. விற்பவரின் வாசலிலேயே சரக்கை எடுத்துக்கொள்ளும் இ.எக்ஸ்.டபிள்யூ. முறையில் இவ்விரண்டும் வாங்குபவர் தலையில் விழும். விலைப்பட்டியலில் இ.எக்ஸ்.டபிள்யூ. மலிவாகத் தெரிந்தாலும், பழக்கமில்லாத ஒரு நாட்டில் ஏற்றுமதி அனுமதி வாங்குவது வெளிநாட்டு வாங்குபவரால் எளிதில் ஆகிற காரியம் அல்ல.

இனி சேவைக்கு வருகிறேன். கட்டணம் கேட்டு ஐந்து நிறுவனங்களுக்கு எழுதினோம். நான்கு நிறுவனங்கள் அன்றே கட்டணத்தை அனுப்பின. ஐந்தாவது நிறுவனம் கேள்விகளை அனுப்பியது. இயந்திரம் புதியதா, பழையதா? ஹைட்ராலிக் எண்ணெய் வடிக்கப்பட்டதா? கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பேட்டரி உண்டா? பெட்டி செய்யப்போவது திண்ம மரத்திலா, பிளைவுட்டிலா? வெட்டும் மேசையின் இரு பக்கப் பலகைகளையும் கழற்ற முடியுமா? கடைசிக் கேள்வி மட்டுமே எங்களுக்குப் பெரும் பணத்தை மிச்சப்படுத்தியது. எல்.சி.எல். சரக்குக்குக் கன மீட்டர், டன் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். பக்கப் பலகைகளோடு பெட்டியின் அளவு 2.40, 2.10, 1.70 மீட்டர், அதாவது ஏறக்குறைய 8.57 கன மீட்டர். அவற்றைக் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் வைத்ததும் முதல் பெட்டியின் அகலம் 2.40 மீட்டரிலிருந்து 1.60 மீட்டராகச் சுருங்கி, கன அளவு 5.71 ஆயிற்று. அட்டைப்பெட்டி அரைக் கன மீட்டருக்கும் குறைவு. எடை 1,650 கிலோ மட்டுமே என்பதால் கட்டணத்தை நிர்ணயித்தது கன அளவுதான். நான்கு போல்ட்டுகளைக் கழற்றியதில் கட்டணத்தில் கால் பங்குக்கும் மேல் குறைந்தது.

ஆயினும் இந்த நிறுவனத்தின் தரம் எனக்கு உண்மையில் விளங்கியது இன்வாய்ஸை அவர்கள் படித்த விதத்தில்தான். விற்பவர் அனுப்பிய முதல் இன்வாய்ஸில் "இயந்திரமும் உதிரிப் பாகங்களும், 1 தொகுதி" என்று ஒரே வரி இருந்தது. அந்த உதிரிப் பாகங்கள் என்னென்ன என்று ஆவணப் பிரிவில் இருந்தவர் கேட்டார். மூன்று வெட்டுக்கத்திகளும் சில பெல்ட்டுகளும் என்றோம். கத்திகளைத் தனி வரியில், எண்ணிக்கையோடும் விலையோடும் காட்டி இன்வாய்ஸைத் திருத்தி வாங்கும்படி சொன்னார். பொருள்களுக்குக் குறியீட்டு எண் தரும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். வகைப்பாட்டில் காகித வெட்டு இயந்திரத்துக்கான குறியீடு 8441.10, அதன் பாகங்களுக்கு 8441.90. தனியாக வரும் இயந்திரக் கத்தியும் பாகம்தானே என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் இயந்திரங்களுக்கான பிரிவின் குறிப்பே 82ஆம் அத்தியாயத்தில் வரும் பொருள்களை அப்பிரிவிலிருந்து விலக்கிவிடுகிறது; இயந்திரக் கத்திகளுக்கென 8208 என்ற தலைப்பு அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. எனவே பொருத்தப்பட்ட கத்தி இயந்திரத்தோடு சேரும். உபரியாக வரும் மூன்றும் 8208.90இல் போகும். முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களும் தீர்வை விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும். சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, பாகம் என்று எழுதியிருக்கும் இடத்தில் கத்தியைக் கண்டிருந்தால், தீர்வை வித்தியாசத்தோடு தவறான அறிவிப்பு என்ற கேள்வியும் எழுந்திருக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க அந்த ஊழியருக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம்.

விலை விஷயத்திலும் அவர்கள் நேர்மையாக நடந்தார்கள். தீர்வை குறையட்டும் என்று விற்பவர், தாமாகவே, பாதி விலைக்கு இன்வாய்ஸ் போட்டுத் தர முன்வந்தார். அப்படியொரு ஆவணத்தைத் தொடவே மாட்டோம் என்று நிறுவனம் எழுத்தில் மறுத்தது. பழைய இயந்திரங்களின் அறிவிக்கப்பட்ட விலையைச் சுங்கத்துறைகள் இயல்பாகவே கூர்ந்து பார்க்கும். உலக வணிக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி உண்மையில் செலுத்திய விலைதான் அடிப்படை என்றாலும், ஐயம் எழுந்தால் விளக்கம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. வங்கி வழியாக அனுப்பிய பணத்தின் சான்று, விற்பவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இயந்திரம் தயாரிக்கப்பட்ட ஆண்டைக் காட்டும் உலோகத் தகட்டின் புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்பச் சொன்னார்கள். பயன்படுத்திய இயந்திரத்துக்குத் தகுதிபெற்ற பொறியாளரின் சான்றிதழோ முன் அனுமதியோ கேட்கும் நாடுகள் பல இருப்பதால், எங்களுக்கு அது தேவையா என்பதைக் கொள்முதலை உறுதி செய்வதற்கு முன்பே விசாரித்துச் சொன்னார்கள்.

அடுத்தது மரம். திண்ம மரத்தாலான பெட்டி, பல்லட், முட்டுக்கட்டை எதுவானாலும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதிக்கு உட்பட வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றுவது அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் முக்கியமானது. பதப்படுத்திய மரத்தில் கோதுமைக் கதிர் சின்னம், இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு, தயாரிப்பாளர் எண், எச்.டி. (சூடேற்றியது) போன்ற பதப்படுத்தல் குறியீடு ஆகியவை கொண்ட முத்திரை இருக்கும். பிளைவுட்டுக்கும், 6 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ தடிமன் உள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் உட்புறத்தையும் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் நிறுவனம் கேட்டது. வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வெளிப்பலகைகளில் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இயந்திரத்தின் அடியில், அது அசையாமலிருக்க வைத்திருந்த இரண்டு முட்டுக்கட்டைகளில் ஒன்றில் மரப்பட்டை உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது, முத்திரையும் இல்லை. பட்டறையில் கிடந்த ஏதோ ஒரு துண்டை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். மூடிவிட்ட பிறகு அதை இங்கே கண்டுபிடித்திருந்தால் திருப்பி அனுப்புவது, எரிப்பது, மீண்டும் பதப்படுத்துவது என்று எதற்கும் நாங்கள்தான் செலவு செய்திருக்க வேண்டும். அங்கே ஒரு கட்டையை மாற்றியதோடு விஷயம் முடிந்தது.

துருவைப் பற்றியும் அவர்களே எச்சரித்தார்கள். பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் கடற்பயணத்தில் கன்டெய்னரின் கூரையில் ஈரம் படிந்து சொட்டும். வார்ப்பிரும்பு மேசைக்கு அது எமன். திறந்த உலோகப் பரப்புகளில் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, அதற்கான பிரத்யேகப் படலத்தால் சுற்றி, ஈரமுறிஞ்சிப் பைகளை உள்ளே வைக்கச் சொன்னார்கள். பயன்படுத்திய இயந்திரங்களுக்கான காப்பீட்டில் துரு, கீறல், வெளிக்காயமின்றி ஏற்படும் மின்பழுது ஆகியவற்றைக் காப்பீட்டாளர்கள் பொதுவாக விலக்கிவிடுவதால் இந்த முன்னெச்சரிக்கைக்கு மாற்று கிடையாது. காப்பீடே வேண்டாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு கணக்கு: கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி என்ற பன்னாட்டு விதிகள் பொருந்தும் பயணத்தில் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு, ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அவ்வளவே. எங்கள் 1,650 கிலோவுக்கு 3,300 எஸ்.டி.ஆர்.தான் உச்சவரம்பு, இயந்திரத்தின் விலை அதைப்போல் பல மடங்கு. போதாததற்கு, பொதுச் சராசரி இழப்பு, அதாவது கப்பலையும் சரக்கையும் காக்க ஆன செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, அறிவிக்கப்பட்டால், சேதமே இல்லாத சரக்கின் உரிமையாளரும் பிணை கொடுத்தாக வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிய எவர் கிவன் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்தது அதுவே.

கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் வரைவு, கப்பல் புறப்படும் முன் எங்கள் பார்வைக்கு வந்தது. அதில் "1 பொதி" என்றிருந்தது. பேக்கிங் லிஸ்டிலோ இரண்டு. பக்கப் பலகைகளின் அட்டைப்பெட்டியை மறந்திருந்தார்கள். இது அவர்களுடைய தவறு. ஆனாலும் வரைவைச் சரிபார்க்க எங்களுக்கு ஒரு முழுநாள் கொடுத்ததால் திருத்தம் இலவசமாக முடிந்தது. மூல ஆவணங்களை விற்பவர் அங்கேயே ஒப்படைத்துவிட, மூல ஆவணம் இங்கே வராமலே செய்தி வழியாக விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் முறையில் சரக்கு விடுவிக்கப்பட்டது. கூரியருக்காகக் காத்திருக்க நேரவில்லை.

கப்பல் கிளம்பிய பிறகு சேவையின் தரம் இறங்கியது. இடைத்துறைமுகத்தில் கன்டெய்னர் குறித்த கப்பலில் ஏறாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டு, வருகை ஒன்பது நாள் தாமதமாயிற்று. அவர்களுடைய கண்காணிப்புப் பக்கம் மூன்று நாள் வரை பழைய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தொலைபேசியில் கேட்டபோதுதான் சொன்னார்கள். இறக்குவதற்குக் கிரேனும் ஆட்களும் ஏற்பாடு செய்திருந்த எங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. மேலும், சுங்க வேலையை அவர்கள் நேரடியாகச் செய்யாமல் உரிமம் பெற்ற வேறொரு சுங்க முகவரிடம் கொடுக்கிறார்கள் என்பது சரக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது. அந்த முகவருக்கான அதிகாரக் கடிதத்தில் அவசர அவசரமாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. வேறொரு முகவரிடம் தருவது தவறல்ல. இறக்குமதியாளர் பெயரில் அறிவிப்புத் தாக்கல் செய்யப்போகிறவர் யார் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இறக்கிய பிறகும் ஒரு தடங்கல் வந்தது. எங்களோடு ஒரே கன்டெய்னரில் வந்த வேறொருவரின் சரக்கைச் சுங்கத்துறை சோதனைக்கு எடுத்ததால், கன்டெய்னர் முழுவதும் நான்கு நாள் நின்றது. எல்.சி.எல். முறையில் இது எவருக்கும் நேரக்கூடியது. முகவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு நாளுக்கும் கிடங்கு வாடகை கேட்டு வந்த பட்டியலை அவர்கள் படித்துப் பார்க்காமலே எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் மதிப்பீட்டில், இலவச நாள்கள் கன்டெய்னரைப் பிரித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்று அவர்களே எழுதியிருந்ததை எடுத்துக்காட்டினோம். இரண்டு நாள் இழுபறிக்குப் பின் அந்தத் தொகையை நீக்கினார்கள். மற்றக் கட்டணங்கள் யாவும் மதிப்பீட்டில் வரிக்கு வரி இருந்தபடியே வந்தன; சேருமிடச் செலவுகளை இவ்வளவு விரிவாக முன்கூட்டியே எழுதித் தந்தது ஐந்து நிறுவனங்களில் இது ஒன்றுதான்.

எங்கள் சரக்கின் சுங்க அனுமதி ஒரு கேள்வியும் எழாமல் முடிந்தது. பெட்டியைத் திறந்தபோது மேசையில் எண்ணெய்ப் படலம் போட்டபடியே இருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளித் துருவும் இல்லை. ஆவண வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, தகவல் தெரிவிப்பதற்கு ஐந்துக்கு இரண்டு என்று மதிப்பெண் தருவேன். அடிக்கடி முழுக் கன்டெய்னர் இறக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இவர்களைவிடச் சிறந்த கண்காணிப்பு வசதி உள்ளவர்கள் கிடைக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை கனமான, விவரிக்கச் சிரமமான பொருளை வரவழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இவர்களைப் பரிந்துரைப்பேன். அடுத்து வரவிருக்கும் மடிப்பு இயந்திரத்தையும் இவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். இம்முறை சுங்க முகவரின் பெயரையும், கப்பல் மாறினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறோம்.