திரையைக் காட்ட யார் அனுமதிக்க வேண்டும்: மேக், விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு

"பெரியப்பா, இப்ப உங்க திரையில என்ன இருக்கு?"

"எக்செல் திறந்திருக்குப்பா. உனக்குத் தெரியலையா?"

தெரியாது. திரையைப் பகிரும் செயலி வழியாக வெளியூரில் இருந்து மேக் கணினிக்கு உதவி செய்பவர்களுக்குப் பழகிப்போன உரையாடல் இது. இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் உதவுபவருக்கு வால்பேப்பரும் மேலே உள்ள மெனு பட்டையும் மட்டும்தான் தெரியும். திறந்திருக்கும் ஜன்னல்கள் எதுவும் வராது. சொடுக்கினாலும் அந்தப் பக்கம் எதுவும் அசையாது. செயலி பழுதாகிவிட்டது என்று பலர் அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பழுது எதுவும் இல்லை. இயங்குதளம்தான் தடுத்து நிற்கிறது.

இந்தத் தடுப்பு தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை விட்டது. தொலைவில் இருந்து இன்னொருவர் கருவியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லி, இணைவதற்காக அது காட்டும் 9 இலக்க எண்ணைப் பேச்சுவாக்கில் கேட்டு வாங்கி, யுபிஐ வழியாகப் பணத்தை எடுக்கிறார்கள் என்றது. அது முறையான செயலி. நேர்மையாக உதவுபவர்களும் அதையேதான் பயன்படுத்துகிறார்கள். செயலிக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே கேள்வி கேட்கும் வேலை இயங்குதளத்தின் தலையில் விழுகிறது. நான்கு இயங்குதளங்களும் நான்கு வெவ்வேறு இடத்தில் கேட்கின்றன. உதவ வந்தவரை எவ்வளவு இழுத்தடிக்கிறது, ஏமாற்ற வந்தவரை எங்கே நிறுத்துகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

மேக்கில் இருந்து தொடங்கலாம், அதிகம் திண்டாட வைப்பது அதுதான். இரண்டு அனுமதிகள் வேண்டும். மவுஸையும் கீபோர்டையும் இயக்க ஆக்சஸிபிலிட்டி அனுமதி, இது பழையது. திரையைப் பார்க்க ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி. இது 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்போடு வந்தது. இரண்டாவது இல்லையென்றால்தான் மேலே சொன்ன வெறும் வால்பேப்பர். அதைத் தருவதற்கு சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய், தனியுரிமைப் பகுதியைத் தேடி, பட்டியலில் செயலியைக் கண்டுபிடித்து, அட்மின் பாஸ்வேர்டு போட வேண்டும். இவ்வளவையும் பெரியப்பாதான் செய்ய வேண்டும். உதவுபவர் அவர் பார்ப்பதைப் பார்க்க முடியாமல், போனில் வாயாலேயே வழி சொல்ல வேண்டும். முடிந்த பிறகு செயலியை மூடித் திறக்கச் சொல்லும். அத்தோடு இணைப்பு அறுந்துபோகும். மறுபடி எண் வாங்கி உள்ளே நுழைய வேண்டும்.

அலுவலகக் கணினி என்றால் எம்டிஎம் (நிறுவனக் கணினிகளைத் தொலைவில் இருந்து நிர்வகிக்கும் முறை) வழியாக எல்லாவற்றையும் முன்கூட்டியே திறந்து வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. ஆக்சஸிபிலிட்டியை நிர்வாகி தொலைவில் இருந்தே தந்துவிடலாம். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தர முடியாது. அட்மின் அல்லாத ஊழியரும் அதைத் தானே இயக்கிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தத்தான் முடியும், அதுவும் கேட்டலினாவுக்கு அடுத்து வந்த பிக் சர் பதிப்பில் இருந்து. கம்பெனி வாங்கிக் கொடுத்த கணினியாக இருந்தாலும், திரையைக் காட்ட, அதன் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கை பட்டாக வேண்டும் என்பது ஆப்பிளின் முடிவு. நிர்வாகிகளுக்கு இது எரிச்சல்தான். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

சரியில்லாதது வேறொன்று. ஒருமுறை தந்த அனுமதி, வேலை முடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். அதைச் சரிசெய்ய 2024-இல் வந்த செக்வோயா பதிப்பு மாதம் ஒருமுறை மறுபடி கேட்கத் தொடங்கியது. சோதனைப் பதிப்புகளில் வாரம் ஒருமுறை கேட்டது. பயனாளர்கள் கொதித்த பிறகு அது மாதமானது. ஆனால் அந்தக் கேள்வி எப்போது வரும்? காலண்டர் பார்த்து வரும். திரையைப் பார்க்க வந்தவர் யார் என்பதோடு அதற்குத் தொடர்பு இல்லை. காரணம் தெரியாமல் வரும் கேள்விக்கு மனிதர்கள் 'சரி' என்று அழுத்தப் பழகிவிடுவார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் ஏமாற்றுபவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

விண்டோஸ் இதற்கு நேர் எதிர். சாதாரண டெஸ்க்டாப் நிரல் திரையைப் படம் பிடிக்க யாரிடமும் கேட்பதில்லை. இணைந்த உடனே எல்லாம் தெரியும், மவுஸும் ஓடும். உதவுபவருக்குச் சொர்க்கம். பிரிண்டர் மாதிரியான கருவிக்கு டிரைவர் நிரலை நிறுவப் போகும்போதுதான் தடை வரும். 2007-இல் விஸ்டா பதிப்போடு வந்த யூஏசி என்ற பாதுகாப்பு வசதி, திரையை மங்கலாக்கி 'அனுமதிக்கலாமா' என்று கேட்கிறதே, அந்தக் கேள்வி பாதுகாக்கப்பட்ட தனித் திரையில் வருகிறது. உதவுபவர் பக்கம் படம் கறுத்துப்போகும் அல்லது அப்படியே நின்றுவிடும். எதிர்முனையில் இருப்பவர் 'ஆம்' அழுத்தினால்தான் திரும்ப வரும். செயலியை நிறுவாமல் வெறுமனே இயக்கும்போதுதான் இந்தத் தொல்லை. முறையாக நிறுவி சர்வீஸாக (பின்னணியில்) ஓடும் கருவிகளில் பல இந்தத் திரையையும் காட்டும்.

யோசித்துப் பாருங்கள். நெட்பேங்கிங் பக்கத்தைப் பார்க்கவும், ஓடிபியைப் படிக்கவும் அட்மின் அனுமதி எதற்கு? ஏமாற்ற வந்தவனுக்குத் தேவையானது விண்டோஸில் திறந்தே கிடக்கிறது. பிரிண்டரைச் சரிசெய்ய வந்தவருக்குத் தேவையானதுதான் பூட்டியிருக்கிறது. விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட் என்ற தொலைவு உதவிச் செயலி கொஞ்சம் தேவலை. அதில் குறியீடு போட்ட பிறகு திரையைக் காட்ட ஒரு சம்மதம், கட்டுப்பாட்டைத் தர இன்னொரு சம்மதம். அதுவும் போதவில்லை. இன்பாக்ஸில் குப்பை மின்னஞ்சல்களைக் கொட்டிவிட்டு, 'நாங்கள் டெக் சப்போர்ட்' என்று போன் செய்து, குவிக் அசிஸ்ட்டைத் திறக்கவைத்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிளாக் பாஸ்டா ரான்சம்வேர் வரை கொண்டுபோன கூட்டத்தைப் பற்றி 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டே எழுதியது.

லினக்ஸில் கதை திரைக்கு அடியில் நடக்கிறது. திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறையில் எந்தச் செயலியும் முழுத் திரையையும் பார்க்கலாம், தட்டச்சையும் ஒட்டுக்கேட்கலாம். அதற்குப் பதிலாக வந்த வேலாண்ட் அதை அடைத்தது. லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2016-லேயே மாறியது, உபுண்டு 22.04 பதிப்பில் பெரும்பாலான கணினிகளில் வேலாண்ட்தான். இப்போது திரை வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற இடைத்தரகு வசதி வழியாகக் கேட்க வேண்டும். எந்தத் திரையைக் காட்டலாம் என்று ஒரு பெட்டி வரும், முன்னால் இருப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்கும் நேரத்தில் கேட்கிறது, கேட்பது என்ன என்றும் புரிகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள் இல்லாத கணினியை இரவில் திறக்க நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். லாகின் திரையில் 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' தேர்ந்தெடுத்து, பழைய எக்ஸ்11-க்குத் திரும்பித் தப்பிக்கும் வழி உபுண்டு 25.10-இல் போய்விட்டது. உபுண்டுவின் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் 46-ஆம் பதிப்பில் வந்த ரிமோட் லாகின்தான் இனி அதற்கான வழி.

நான்கில் எனக்குப் பிடித்தது ஆண்ட்ராய்டின் முறை. திரையைப் பகிரும்போது கேட்கும். பகிர்வு முடிந்தால் அனுமதியும் முடிந்தது. 14-ஆம் பதிப்பில் இருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டாக வேண்டும். வங்கிச் செயலிகள் தங்கள் திரையை மறைத்துக்கொள்ளலாம், உதவுபவருக்குக் கறுப்புதான் தெரியும். 15-இல் பகிர்வின்போது ஓடிபி உள்ள அறிவிப்புகளும் மறைக்கப்படுகின்றன. அதாவது, ஏமாந்து 'சரி' அழுத்திய பிறகும் ஒரு தடுப்பு மிச்சம் இருக்கிறது. மற்ற மூன்றையும்விட இது ஏன் மேல் என்றால் இதனால்தான்.

தொடுதலையும் கட்டுப்படுத்த ஆக்சஸிபிலிட்டி சேவை வேண்டும். (சில போன்களில் அதற்குத் தயாரிப்பாளர் ஒப்புதல் பெற்ற துணைச் செயலி உண்டு.) வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் செயலி) நிறுவினால், 13-ஆம் பதிப்பில் இருந்து அந்தச் சேவையை இயக்கும் பொத்தானே மங்கலாகிவிடும். செயலித் தகவல் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டுத் தனியாகத் திறந்தால் ஒழிய வேலை செய்யாது. 'அந்த மூணு புள்ளியைத் தொடுங்க சார்' என்று போனில் யாராவது சொன்னால், உடனே போனை வைத்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் இருந்து வந்த செயலிக்கு அந்த வழி தேவையே படாது.

ஐபோனில் வெளிச் செயலிகள் திரையைக் காட்டலாம், இயக்க முடியாது. ஐஓஎஸ் 18-இல் ஃபேஸ்டைம் வழியாக இயக்கவும் முடிகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு உதவ அது போதும்.

மேக் வைத்திருக்கும் உறவினர்களுக்கு நான் செய்வது இதுதான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு அனுமதிகளையும் அவர்களையே தரச் சொல்லி, என் போனில் இருந்து ஒருமுறை இணைத்துக் காட்டுகிறேன். அப்புறம் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை அவர்கள் கையாலேயே அணைக்கச் சொல்கிறேன். பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை போனில் வழி சொல்ல இரண்டு நிமிடம் போதும். வேலை முடிந்ததும் அணைக்கவும் அவர்களுக்கே தெரியும். விண்டோஸ் உறவினர்களுக்கு அணைத்துவைக்கச் சொல்ல அப்படி ஒரு பொத்தான் இல்லை. வேலை முடிந்ததும் செயலியையே நீக்கச் சொல்கிறேன்.