செஃபாரியா: தேடுவதற்கு இதைவிட நல்லது இல்லை, தீர்ப்புக்கு இதை நம்பக் கூடாது

யூத வேதம், ஜெபம், சட்டம் பற்றி ஒரு கேள்வி வந்தால் மூலத்தைத் தேடிப் போக இன்று முதலில் திறக்க வேண்டியது செஃபாரியா என்ற செயலி; இணையதளமாகவும் உண்டு. எபிரேய வேதமான தனாக், வாய்மொழிச் சட்டத்தின் தொகுப்பான மிஷ்னா, அதன்மேல் நடந்த விவாதங்களான பாபிலோனியத் தல்முத், எருசலேம் தல்முத், வேத விளக்கங்களான மித்ராஷ், சட்டத் தொகுப்புகள், ஜெபப் புத்தகமான சித்தூர் எல்லாம் எபிரேய, அரமேய மூலத்தோடு ஒரே இடத்தில் இருக்கின்றன. பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் இருவரும் 2011-ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு இது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, படிக்க மட்டும் என்றால் கணக்கும் தேவையில்லை. ஆனால் ஆங்கிலமோ எபிரேயமோ வாசிக்கத் தெரியாதவருக்கு இது அதிகம் பயன்படாது.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தால் போதும். 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் ஷெமா ஜெபத்தை இரவில் எத்தனை மணிக்குள் சொல்லி முடிக்க வேண்டும்? வேர் உபாகமம் 6:7-ல் இருக்கிறது: படுக்கும்போதும் எழும்போதும் இந்த வார்த்தைகளைப் பேச வேண்டும். அந்த வசனத்தைத் தொட்டால் பக்கவாட்டில் ஒரு பலகை திறக்கும். உரைகள், தல்முத், மித்ராஷ், சட்டம் என்று பிரித்து, அந்த வசனத்தை எந்தெந்த நூல் எடுத்தாள்கிறது என்று காட்டும். தல்முத் பிரிவிலிருந்து பெராகோத் என்ற நூலின் தொடக்கத்துக்குப் போகலாம். அங்குள்ள முதல் மிஷ்னாப் பத்தியிலேயே மூன்று விடைகள் நிற்கின்றன: முதல் ஜாமம் முடியும்வரை என்கிறார் ரப்பி (யூத சமய ஆசான்) எலியேசர், நள்ளிரவுவரை என்கிறார்கள் அறிஞர்கள், விடியற்காலைவரை என்கிறார் ரப்பான் கம்லியேல். அறிஞர்கள் நள்ளிரவு என்று சொன்னதே, ஆள் தள்ளிப்போட்டுத் தவறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது.

பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தல்முத் விவாதத்தின் பதிவு, தீர்ப்புப் பட்டியல் அல்ல. கடைசியாகப் பேசியவர் சொன்னதே சட்டம் என்று எடுத்துக்கொண்டால் பாதி நேரம் தவறும். அதே வரியில் நின்றபடி 'சட்டம்' பிரிவைத் திறக்க வேண்டும். மைமோனிடஸின் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் ஷெமா பற்றிய பகுதி 1:9, பிறகு யோசேப் காரோவின் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அருக்கில் ஓராக் ஹாயீம் என்ற பகுதி 235:3. இரண்டும் ஒன்றாகத்தான் சொல்கின்றன: நள்ளிரவுக்குள் சொல்லிவிட வேண்டும், தாமதமானாலும் விடியுமுன் சொன்னால் கடமை நிறைவேறிவிடும். அச்சுப் புத்தகங்களில் இந்தப் பாதையைப் பிடிக்க நான்கு தொகுதிகளை மேசையில் விரிக்க வேண்டியிருக்கும்.

ஷுல்கான் அருக்கைப் படிக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். யோசேப் காரோ எழுதியது செபார்திய (ஸ்பெயின் மரபு யூதர்) வழக்கத்தைச் சார்ந்த தீர்ப்பு. நடுவில் 'ஹகா' என்று தொடங்கும் பகுதிகள் மோசே இசர்லஸ் சேர்த்தவை, அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) வழக்கத்துக்கானவை. யார் குரல் என்று பாராமல் மேற்கோள் எடுத்தால் ஒரு சமூகத்தின் நடைமுறையை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுவோம். மொழிபெயர்ப்பின் தரமும் இந்நூலில் சீராக இல்லை. சில பகுதிகள் தன்னார்வலர்கள் செய்தவை, சிலவற்றுக்கு ஆங்கிலமே இல்லை. எந்தப் பதிப்பு என்ற விவரம் பலகையிலேயே இருக்கிறது. மேற்கோள் காட்டுமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பாபிலோனியத் தல்முத்தின் ஆங்கிலம் வேறு தரம். 2017 முதல் தல்முத் அறிஞர் ரப்பி அடின் ஸ்டைன்சால்ட்ஸின் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. செஃபாரியாவுக்கு வர இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். தடித்த எழுத்தில் இருப்பது மூலச் சொற்களின் நேர் மொழிபெயர்ப்பு. சாதாரண எழுத்தில் இருப்பது பொருள் விளங்க அவர் இடையில் சேர்த்தது. தல்முத்தின் நடை அவ்வளவு சுருக்கம், இந்த இட்டுநிரப்பல் இல்லாமல் புதியவருக்கு ஒரு வரி நகராது. ஆனால் நகலெடுத்து வெறும் உரையாக ஒட்டும்போது தடித்த எழுத்து மறைந்துவிடும். பிறகு விளக்கவுரையே தல்முத்தின் வாக்காக உலாவரும். அப்படிச் சுற்றும் மேற்கோள்கள் ஏராளம்.

ஏட்டெண் புதியவர்களைக் குழப்பும். பாபிலோனியத் தல்முத்தின் நூல்கள் ஏறக்குறைய எல்லாமே 2-ஆம் ஏட்டில்தான் தொடங்கும்; முதல் ஏடு காணாமல் போய்விட்டது என்று தேட வேண்டாம். ஒரு ஏட்டுக்கு இரு பக்கம், ஏ, பி.

கிறிஸ்தவ பைபிளோடு ஒப்பிட்டுப் படிப்பவர்களுக்கு வசன எண்கள் தொல்லை தரும். எபிரேய மரபில் மல்கியாவுக்கு 3 அதிகாரம்தான். 4:1 என்று தேடுவது 3:19-ல் இருக்கும். யோவேல் 2:28 இங்கே 3:1. ஏசாயா 9:6 இங்கே 9:5. சங்கீதங்களில் தலைப்பு வரியும் வசனமாக எண்ணப்படுவதால் பலவற்றில் ஒன்று கூடும், 51-ஆம் சங்கீதத்தில் இரண்டு கூடும். 23-ல் மாற்றம் இல்லை, அங்கே தலைப்பும் முதல் வசனமும் ஒன்றாகவே இருக்கின்றன. தானியேல் தீர்க்கதரிசிகள் வரிசையில் இல்லை, எழுத்துகள் என்ற மூன்றாம் பிரிவில் இருக்கிறது.

தேடலில் எபிரேயச் சொல்லைக் கொடுத்தால் அதன் பிற வடிவங்களும் வந்து குவியும். துல்லியமான பொருத்தம் மட்டும் போதும் என்ற வசதியை இயக்கிவிட்டு, காலவரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஒரு கருத்து முதலில் எங்கே தலைகாட்டியது என்று ஓரளவு பிடிபடும். மூலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அகராதிப் பொருளும் வரும்.

தினம் ஒரு ஏடு படிக்கும் தஃப் யோமிக்கும் வாரந்தோறும் வாசிக்கும் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) பகுதிக்கும் அன்றன்றைய இணைப்பு நாட்காட்டியில் தயாராக இருக்கும். 2,711 ஏடுகள், ஏழரை ஆண்டுச் சுற்று. இப்போது ஓடும் சுற்று 2020 ஜனவரி 5-ல் தொடங்கியது. சித்தூரும் அஷ்கெனாசி, செஃபார்ட், கீழைச் சமூகங்களுக்கான எதோத் ஹமிஸ்ராக் என்று வழக்கவாரியாக உண்டு. செஃபார்ட் என்ற பெயரைப் பார்த்துச் செபார்தியர் நூல் என்று திறந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய பக்தி இயக்கத்தாரான ஹசிதியர் வழக்கம்.

நடைமுறைத் தீர்ப்பு வேண்டுபவர் இங்கே நிற்கக் கூடாது. இறைச்சிக்கும் பாலுக்குமான சமையல் பாத்திரம் கலந்துவிட்டது, துக்கக் காலக் கணக்கு போன்றவற்றில் ஆளின் நிலைமையும் சமூக வழக்கமும் சேர்ந்துதான் விடை மாறும். அதற்கு ரப்பியைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் போகுமுன் கேள்வியைச் சரியாக வடிவமைத்துக்கொள்ள இந்தச் செயலி உதவும்.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷப்பாத்தைக் கடைப்பிடிப்பவர்களுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு, அதைச் செயலியின் மேல் போடவும் முடியாது. படிக்க அதிக நேரம் கிடைக்கும் அந்த நாளில்தான் திரையைத் தொட முடியாது. கணக்கு ஒன்று திறந்துகொண்டால், வேண்டிய பகுதிகளை வரிசையாகச் சேர்த்து ஒரு தாளாக்கலாம். வெள்ளி மாலை விளக்கேற்றுமுன் அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.