லேனுக்குள் நால்வர்: டிசிபி/ஐபி ஜெயித்தது எதனால்?

1990-களின் நடுவில் ஓர் அலுவலகத்தில் பத்து கணினிகளைக் கேபிளால் இணைத்து லேன் எனும் உள்ளூர் வலையாக்கினால் மட்டும் வேலை முடியாது. அவை எந்த நெறிமுறையில், அதாவது எந்தப் பேச்சு விதிகளின்படி, பேசுவது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 95-இன் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் நெட்பியூயி, ஐபிஎக்ஸ்/எஸ்பிஎக்ஸ், டிசிபி/ஐபி மூன்றும் தேர்வுக்கு நிற்கும். மேக் வைத்திருந்தவர்களுக்கு ஆப்பிள்டாக். இன்று நிலைத்திருப்பது டிசிபி/ஐபி மட்டும்தான். அதனால் நான்கில் அதுவே சிறந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஒரே அறையில் இருக்கும் பத்து கணினிகளை மட்டும் கணக்கில் எடுத்தால், நான் அதற்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

அமைப்பதற்கு நெட்பியூயியை விட எளிதானது எதுவும் இல்லை. ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்தது. முகவரி என்று தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம்; கணினிக்கு 15 எழுத்துக்குள் ஒரு பெயர் வைத்தால் போதும். ஒரு கணினி இன்னொன்றைத் தேடும்போது, அந்தப் பெயரைச் சொல்லி வலை முழுக்கக் கூவும். உரியது பதில் சொல்லும். பத்து பேர் இருக்கும் இடத்தில் இது அருமை. சில நூறு கணினிகள் சேர்ந்தால் கூச்சல்தான். அதைவிடப் பெரிய குறை, அனுப்பும் தரவுத் துண்டான பாக்கெட்டுக்குள் வலையின் எண் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே ஒரு வலையை இன்னொன்றோடு இணைக்கும் ரூட்டருக்கு அதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. ரூட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வலைக்கு நெட்பியூயி போகவே போகாது.

ஐபிஎக்ஸ் வேறு ரகம். ஜெராக்ஸின் எக்ஸ்என்எஸ் நெறிமுறையிலிருந்து நோவெல் நிறுவனம் நெட்வேர் என்ற தன் சர்வர் மென்பொருளுக்காக எடுத்துச் செதுக்கியது. இதில் முகவரி அமைந்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும்: 32 பிட் வலை எண், அதோடு நெட்வொர்க் கார்டிலேயே பொறித்திருக்கும் 48 பிட் எண். அவ்வளவுதான். கார்டைச் செருகினால் முகவரி தயார். டிசிபி/ஐபியில் ஒரு ஐபி முகவரிக்கு உரிய கார்டு எது என்று கேட்க ஏஆர்பி என்ற தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. இங்கே முகவரிக்குள்ளேயே கார்டு எண் இருப்பதால் அந்தக் கேள்வியே எழாது. ரூட்டரையும் தாண்டும். சர்வரே இல்லாத இடத்தில் வலை எண்ணைப் பூஜ்யமாக வைத்து நேருக்கு நேர் பேசலாம். டூம் முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரை அந்தக் காலத்து லேன் விளையாட்டுகளில் ஐபிஎக்ஸ் இருந்ததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நெட்வேர் சர்வரும் 60 விநாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். லேனில் இது பொருட்டில்லை. இரண்டு ஊர்களை இணைக்கும் மெதுவான லைனில் இதுவே பெரிய சுமை. ஃபிரேம் வகை, அதாவது பாக்கெட்டைப் பொதிந்து கேபிளில் அனுப்பும் உறையின் வடிவம், என்ற தலைவலி வேறு. நெட்வேர் 3.11 வரை ஒரு வகை, 3.12-இலிருந்து இயல்பாக இன்னொரு வகை. ஒரே கேபிள், ஒரே ஐபிஎக்ஸ், ஆனாலும் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. காரணம் தெரியாதவர் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருப்பார்.

ஆப்பிள்டாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், நால்வரில் நாகரிகமானது அதுதான். கணினி தானே ஓர் எண்ணை எதேச்சையாக எடுத்து, ‘இது யாரிடமாவது இருக்கிறதா?’ என்று வலையில் கேட்கும். பதில் வராவிட்டால் அதையே வைத்துக்கொள்ளும். பிரிண்டர்கள் பெயரோடு மேக்கின் சூசர் என்ற தேர்வுச் சாளரத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஆப்பிளின் லோக்கல்டாக் கேபிளில் வேகம் விநாடிக்கு 230.4 கிலோபிட்தான். ஆனால் அது கேபிளின் குறை. இதே நெறிமுறை பிற்பாடு ஈதர்நெட்டிலும் ஓடியது. ஆப்பிள் உலகத்துக்கு வெளியே அதைச் சீந்துவாரில்லை என்பதே அதன் உண்மையான பலவீனம்.

சரி, டிசிபி/ஐபி? ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று கையால் அடிக்க வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் சண்டை. எந்த எண் எந்த மேசைக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி 1993-இல் தரமாக வந்தது, ஆனால் அதற்கென ஒரு சர்வர் ஓட வேண்டும். பத்து கணினி அலுவலகத்தில் அதை யார் பார்த்துக்கொள்வது?

இத்தனைக்கும் பிறகு அது ஜெயித்தது என்றால், காரணம் லேனுக்கு வெளியே இருந்தது. இணையம் டிசிபி/ஐபியில்தான் பேசியது. பிரவுசர் வேண்டுமென்றால் டிசிபி/ஐபியை எப்படியும் போட்டாக வேண்டும். அது இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நோவெல்லே 1998-இல் நெட்வேர் 5-ஐ டிசிபி/ஐபியில் நேரடியாக ஓடும்படி வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் நெட்பியூயி சிடியின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. விஸ்டாவில் ஐபிஎக்ஸும் போனது. 2009-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6 ஆப்பிள்டாக்கைக் கைவிட்டது.

வென்ற பிறகுதான் தோற்றவர்களின் வசதிகளை அது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 98-இல் டிஎச்சிபி கிடைக்காவிட்டால் கணினியே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆப்பிள்டாக் செய்த அதே வேலை. 2002-இல் ஆப்பிள் கொண்டுவந்த, இப்போது போன்ஜூர் எனப்படும் ஏற்பாடு பிரிண்டரைப் பெயரால் கண்டுபிடிக்க வைத்தது. அதாவது சூசர், ஐபியின் மேல். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் வலை எண்ணோடு கார்டு எண்ணைச் சேர்த்து முகவரி ஆக்கினார்கள். அசல் ஐபிஎக்ஸ் பாணி. அப்புறம் அந்தக் கார்டு எண்ணை வைத்தே ஓர் ஆளை வலைக்கு வலை பின்தொடரலாம் என்பது பிரச்சினையானதும், எதேச்சையாக ஓர் எண்ணை எடுத்து, வேறு யாரிடமும் இல்லையே என்று கேட்டுப் பார்க்கும் முறைக்குப் பெரும்பாலான கருவிகள் மாறிவிட்டன. அதை ஆப்பிள்டாக் 1985-இலேயே செய்துகொண்டிருந்தது.