தேயிலைத் தோட்டத்து மைதானமா, கிறிஸ்தவ ஆலய மண்டபமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மாணவர்களுக்கு உடற்பயிற்சியும் வேதாகமத் தியானமும் சேர்த்து நடத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

செலவு: மைதானம் இலவசம். மண்டபத்துக்கு மின்கட்டணமாவது கொடுக்க வேண்டும்.

மழை: ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மைதானமெல்லாம் சேறு, காலில் அட்டை. மண்டபம் நனையாது. ஆனால் சீமெந்துத் தரையில் குதித்தால் முழங்கால் நோகும், பாய் விரியுங்கள்.

யார் வருவார்கள்: மைதானத்துக்குக் கோயிலுக்குப் போகும் இந்துப் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். ஜெபம் உண்டென்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்வது ஊழியமல்ல. மண்டபத்தில் பெரும்பாலும் சபைப் பிள்ளைகள்தான். 1 கொரிந்தியர் 9-இல் பவுல் ஓட்டத்தைப் பற்றி எழுதியதை அங்கே நிதானமாகப் பேசலாம்.

புதிதாகத் தொடங்கினால் ஜனவரியில், மைதானத்தில். மாலையில் மட்டும் நேரமுள்ள உயர்தர வகுப்பு (A/L) மாணவர்களுக்கு மண்டபமே சரி.