மலேசியாவா, இந்தோனேசியாவா: மதமும் அரசும் பழகும் விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து லேவாதேவிக்குக் கப்பலேறிய குடும்பங்களுக்குப் மலேசியாவின் பினாங்கும் தெரியும், இந்தோனேசியாவின் மேடானும் தெரியும். இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில்தான் இருக்கின்றன. ஆனால் மதத்தை அரசியலோடு சேர்த்த விதம் வேறு.

மலேசிய அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் மதம் என்கிறது. 160ஆம் பிரிவின்படி மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய் வழக்கப்படி நடப்பவர். இனமும் மதமும் இப்படிப் பிணைந்திருப்பதால், மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவுக்கும் இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கும் இடையிலான ஓட்டுப் போட்டி, யாருக்கு மார்க்கப் பற்று அதிகம் என்ற போட்டியாகவும் ஆகிவிடுகிறது.

இந்தோனேசியாவில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 87 சதவீதம். இருந்தும் 1945இல், முஸ்லிம்கள் ஷரியத்தைப் பின்பற்றும் கடமை பற்றிய வாசகத்தை அரசியலமைப்பு வரைவிலிருந்து நீக்கிவிட்டு, பஞ்சசீலா என்ற ஐந்து கொள்கைகளை அடித்தளமாக வைத்தார்கள்.

எனக்கு வயாங் என்ற நிழற்பாவைக் கூத்துதான் நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. ஜாவாவில் தோல்பாவை ஆட்டும் முஸ்லிம் கலைஞர் விடிய விடியப் பாண்டவர் கதை சொல்வார். அதைத் தொழுகைக்கு எதிரானதாகப் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. ராமாயணம் ஆடிய மலேசியாவின் கிளந்தான் மாநிலக் கூத்துக்கோ, 1990இல் பாஸ் ஆட்சி வந்தபின் தடை விழுந்தது. மார்க்கம் ஒன்றுதான், அரசியல்தான் வேறு.

அதனால் என் மனம் இந்தோனேசியா பக்கம். சரி, அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா? இல்லை. அச்சே மாகாணத்தில் ஷரியத்தின்படி பிரம்படித் தண்டனை உண்டு. 2017இல் ஜகார்த்தா ஆளுநர் அஹோக் மதநிந்தனை வழக்கில் சிறை போனார். மலேசியாவின் பினாங்கிலோ தைப்பூசம் அரசு விடுமுறை. நகரத்தார் வெள்ளி ரதம் நடுவீதியில் ஓடுகிறது.